வால்ஹென்ஸே ஏரியில் ஒரு நாள்: காற்றையும் நீர்மட்டத்தையும் பார்த்துக் கிளம்புங்கள்

தெற்கு ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ரயிலில் கோகெல் ஊர், அங்கிருந்து பேருந்தில் கெஸ்ஸல்பெர்க் மலைப்பாதை ஏறி இறங்கினால் ஊர்ஃபெல்ட். ஏரியின் வட முனை இதுதான். ஜெர்மனி முழுவதற்குமான மாதாந்திரப் பயணச்சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் இரண்டுக்கும் செல்லும். காரில் வருபவர்கள் கோடை வார இறுதிகளில் காலை 9 மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். பிறகு வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

தண்ணீரில் இறங்குவதானால் ஜூன் பிற்பாதிக்கு மேல் போங்கள். இது இயற்கை ஏரிதான், ஆனால் 1924 முதல் நீர்மின் நிலையத்தின் தொட்டியும்கூட. குளிர்காலத்தில் நீர் எடுக்க எடுக்க மட்டம் 6 மீட்டருக்கும் மேல் இறங்கலாம். பனி உருகி, க்ரூன் என்ற ஊரில் திருப்பிவிடப்படும் ஈசார் ஆற்று நீரும் சேர்ந்த பிறகுதான் கரை நிரம்பும். வசந்தத்தில் போனால் கூழாங்கல் சரிவில் துடுப்புப் பலகையை (நின்றபடி துடுப்பு போடும் பலகை) தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

பலரும் ஏமாறுவது காற்றில்தான். வெயில் நாளில் காலையில் ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். மலைச்சரிவு சூடேறியதும், மதியத்துக்குச் சற்று முன் வடக்கிலிருந்து காற்று கிளம்பும். பாய்ப்பலகைக்காரர்கள் (விண்ட்சர்ஃபிங் செய்பவர்கள்) காத்திருப்பது இதற்குத்தான். துடுப்புப் பலகைக்காரர்களுக்கோ இதுதான் வில்லன்: ஊர்ஃபெல்ட்டில் இறங்கித் தெற்கே போவது சுகம், திரும்புவது எதிர்காற்றில். ஆகவே மேற்குக் கரையிலுள்ள வால்ஹென்ஸே ஊரிலிருந்து அதிகாலையில் வடக்கே துடுப்பு போடுங்கள்; காற்று கிளம்பியதும் அதுவே திருப்பிக் கொண்டுவரும். வானம் மூடியிருந்தாலோ, ஆல்ப்ஸைத் தாண்டித் தெற்கிலிருந்து வெப்பக்காற்று வீசினாலோ இந்தக் கணக்கு பலிக்காது.

ஆழம் சுமார் 190 மீட்டர். பல இடங்களில் கரையை ஒட்டியே சட்டென்று இறங்கும். கோடையிலும் நீர் குளிரும். லைஃப் ஜாக்கெட்டை மடித்துப் பலகையில் வைக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். சாஸாவ் தீவில் கால் வைக்கக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம்.

மின்நிலையம் ஊர்ஃபெல்ட்டில் இல்லை. அங்கே தெரிவது நீர் உள்வாங்கும் கட்டடம் மட்டும். தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகப் போய், 6 ராட்சதக் குழாய்களில் 200 மீட்டர் கீழே கோகெல் ஏரிக்கரைக்கு இறங்குகிறது. திரும்பும்போது அங்கே இறங்கிப் பாருங்கள், தகவல் மையம் உண்டு. உள்ளே 8 டர்பைன்கள், மொத்தம் 124 மெகாவாட். அவற்றில் 4 பிரான்சிஸ் வகை, பொது மின்கட்டமைப்புக்கு. மற்ற 4 பெல்ட்டன் வகை, ரயில்களுக்கான 16.7 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு.