மாடித்தோட்டத்திலும் வீட்டிலும் காதுப்பூச்சி: அடையாளம் காண்பது முதல் பொறி வைப்பது வரை

பூந்தொட்டியைச் சற்று நகர்த்தியவுடன், வாலில் சிறிய இடுக்கி வைத்த செம்பழுப்புப் பூச்சிகள் நாலாபுறமும் சிதறி ஓடினால், பலரும் முதலில் தேடுவது பூச்சிமருந்துப் புட்டியைத்தான். பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவையே ஏற்படாது. ஈரமும் இடுக்கும் ஒருசேர அமைந்த இடத்தில் மட்டுமே காதுப்பூச்சி பெருகும்; அந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாலே அதன் எண்ணிக்கை குறையத் தொடங்கிவிடும். எனவே, கீழே சொல்லப்படும் படிகளை அதே வரிசையில் செய்து பாருங்கள்.

முதல் படி: அது காதுப்பூச்சிதானா?

உடல் நீண்டும் தட்டையாகவும் இருக்கும். நீளம் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை. வயிற்றின் நுனியிலுள்ள இடுக்கி பல இனங்களில் ஆணுக்கு வளைந்தும், பெண்ணுக்கு ஏறக்குறைய நேராகவும் அமைந்திருக்கும். உலகில் ஏறத்தாழ 2,000 இனங்கள் உள்ளன. வெப்ப நாடுகளின் தோட்ட மண்ணில் பரவலாகக் காணப்படும் வளையக்கால் காதுப்பூச்சிக்குச் சிறகே கிடையாது. வெளிறிய கால்களில் கறுத்த பட்டை இருப்பதைக் கொண்டு அதை எளிதாகக் கண்டுகொள்ளலாம். இடுக்கியில் நஞ்சு இல்லை. கையில் பிடித்து அழுத்தினால் மெல்லக் கிள்ளும், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ஆசிட் பூச்சியும் இதைப் போலவே ஒல்லியாக, வாலை மேலே தூக்கியபடி ஓடும். ஆனால் அதன் உடலில் ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி வரும். வாலில் இடுக்கி இருக்காது. அது உடலில் ஏறினால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நசுக்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் வெந்து கொப்புளமாகிவிடும். காதுப்பூச்சியால் அப்படி எதுவும் நேராது. தூங்குபவர் காதில் புகுந்து மூளையைத் துளைக்கும் என்று குழந்தைகளைப் பயமுறுத்துவதற்கும் எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாம் படி: இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தாம் அதிகம். தவறான பூச்சியோடு மல்லுக்கட்டுபவர்களும் அவர்களே. காதுப்பூச்சி பகலில் ஒளிந்து இரவில் உலவுவது. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, இலையின் அடிப்பக்கத்தையும், பூவின் இதழ் அடுக்குகளையும், மண்ணின் மேற்பரப்பையும் நிதானமாகப் பார்வையிடுங்கள். இலையில் கந்தலாகக் கடிபட்ட ஓட்டைகள் இருந்து, பக்கத்தில் காய்ந்த பளபளப்பான கோடும் தெரிந்தால், தின்றது நத்தை. கரும்பச்சை உருண்டைகளாக எச்சம் கிடந்தால் அது புழுவின் வேலை. இவை இரண்டும் இல்லாமல், முளைத்து வரும் கீரை நாற்றும் சாமந்தி இதழும் கடிபட்டிருந்து, அதே இடத்தில் காதுப்பூச்சியும் மேய்ந்துகொண்டிருந்தால் மட்டுமே அதைக் குற்றவாளியாகக் கருதலாம்.

அப்போதும் அவசரப்பட வேண்டாம். செடியும் தின்னும், பூச்சியும் தின்னும் அனைத்துண்ணி அது. அசுவினி (செடியில் மொய்த்துச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி), சிறிய புழுக்கள், பிற பூச்சிகளின் முட்டைகள் ஆகியவையும் அதன் இரையில் அடங்கும். ஐரோப்பாவில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் அசுவினியைத் தின்பதற்காகவே இதற்கு ஒளிவிடம் அமைத்துத் தருகிறார்கள். வளர்ந்த வெண்டைச் செடியில் அசுவினி மொய்த்திருக்கும்போது அங்கே காதுப்பூச்சி தென்பட்டால், என்னைக் கேட்டால், அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது. மட்குத் தொட்டியில் இருப்பவற்றுக்கும் இதே சலுகையைக் கொடுக்கலாம். நாற்றுத்தட்டு, கீரைப் பாத்தி, பூச்செடி ஆகிய இடங்களில் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: ஒளிவிடத்தையும் ஈரத்தையும் குறைத்தல்

தண்ணீரை மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள். இரவுக்குள் மேல்மண் காய்ந்துவிடும். தொட்டிகளையும் வளர்ப்புப் பைகளையும் தளத்தின்மீது நேரடியாக வைக்காமல், காற்று புகும்படி செங்கல் அல்லது இரும்புத் தாங்கியின்மேல் வைக்க வேண்டும். தேங்காய் நார் மூடாக்கு கோடையில் அவசியம்தான் என்றாலும், நாற்று நான்கைந்து இலை விடும்வரை தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு அதை விலக்கி வையுங்கள். மூலையில் குவித்து வைத்த பழைய பலகை, ஈரச் சாக்கு, உடைந்த தொட்டி ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள்.

தொட்டி மாற்றும்போது மண்ணில் ஒரு சிறு குழிக்குள் முத்துப் போன்ற வெண்முட்டைகளும் அவற்றின்மேல் அசையாமல் நிற்கும் ஒரு பூச்சியும் தென்படலாம். அது தாய். பூச்சி உலகில் அரிதாகக் காணப்படும் தாய்மைப் பராமரிப்பு இது: பூஞ்சை பிடிக்காதபடி முட்டைகளை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்கிறது, சிதறினால் வாயால் கவ்வி மீண்டும் ஒன்றுசேர்க்கிறது, குஞ்சு பொரித்த பின்னரும் சில நாட்கள் உடனிருந்து காக்கிறது. தாயைப் பிரித்துவிட்டால் முட்டைகள் பெரும்பாலும் பூஞ்சை படர்ந்து கெட்டுவிடும். ஆகவே, எண்ணிக்கை உண்மையிலேயே மிகுந்திருக்கும் தொட்டியில், மேல்மண்ணைக் கிளறி வெயிலில் காயவிடுவதே போதுமான நடவடிக்கையாகும்.

நான்காம் படி: பொறி

பழைய செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி, இலேசாக நனைத்து, மாலையில் செடியின் அடியில் கிடத்துங்கள். விடியும் நேரத்தில் பூச்சிகள் அதற்குள் புகுந்துகொள்ளும். வெயில் ஏறுவதற்குமுன் அந்தச் சுருளைச் சோப்புத் தண்ணீர் வாளியின்மேல் உதறினால் வேலை முடிந்தது. அட்டைப்பெட்டியின் நெளிவுள்ள அட்டைத் துண்டும் இதே பயனைத் தரும்.

இன்னொரு வகை எண்ணெய்ப் பொறி. தயிர் டப்பா போன்ற ஆழமில்லாத கிண்ணத்தில் ஒரு விரற்கடை அளவு சமையல் எண்ணெயும் சில துளிகள் மீன் எண்ணெயும் ஊற்றி, விளிம்பு மண் மட்டத்தில் இருக்கும்படி புதைக்க வேண்டும். வாசனைக்கு வரும் பூச்சி எண்ணெயில் விழுந்து இறந்துவிடும். (தெருப்பூனைகளும் இந்த வாசனைக்கு வரும் என்பதால், மேலே ஒரு கம்பிவலையை மூடி வையுங்கள்.) எந்தப் பொறியாக இருந்தாலும் அன்றாடம் காலையில் காலி செய்ய வேண்டும், காகிதச் சுருளை மறந்து விட்டுவிட்டால், நாமே பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

ஐந்தாம் படி: வீட்டுக்குள் வராமல் தடுத்தல்

வீட்டுக்குள் அது இனம் பெருக்குவது அரிது. மழையில் தோட்டம் வெள்ளக்காடாகும்போதோ, கடும் வெயிலில் ஈரம் தேடியோதான் உள்ளே வரும். குளியலறைக் கழிவுநீர்த் துளைக்கு நெருக்கமான கண்ணுள்ள ஜாலி, கதவடியில் ரப்பர் பட்டை, சன்னல் சட்டத்தின் விரிசலுக்குச் சிலிகான் பூச்சு ஆகிய மூன்றும் போதும். வாசல் விளக்கை மஞ்சள் ஒளிக்கு மாற்றினால் பறந்து வரும் இனங்களும் குறையும். உள்ளே வந்துவிட்டதைத் துடைப்பத்தால் முறத்தில் அள்ளி வெளியே போடுங்கள். அறைக்குள் மருந்து அடிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெளியிலிருந்து வருவதை அது நிறுத்தாது.

வளர்ப்புப் பையில் நிலக்கடலை போட்டிருப்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்னிந்தியாவில் காதுப்பூச்சி நிலக்கடலையின் இளங்காயைத் துளைத்து உள்ளிருக்கும் பருப்பைத் தின்பதுண்டு; துளையை மண்துகளும் எச்சமும் அடைத்திருக்கும். காய் பிடிக்கத் தொடங்கியதும் பையின் ஓரத்தில் மண்ணை விலக்கி ஓரிரு காய்களைப் பாருங்கள். துளை தென்பட்டால் அன்று மாலையே செய்தித்தாள் சுருளை வைத்துவிடலாம். அறுவடையில் துளையுள்ள காய்களைத் தனியே பிரித்து, விதைக்கு எடுக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.