கூடி உண்ணும் வழக்கத்தைக் குடும்பத்தில் தொடங்குவது எப்படி?

திருமணமான மகனுக்கு அதே வீட்டில் தனி அடுப்பு அமைத்து ‘வேறு வைக்கும்’ வழக்கம் செட்டிநாட்டு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தில் இருந்தது. ஆயினும், பிள்ளையார் நோன்பு போன்ற நாள்களில் அனைவரும் ஒன்றுகூடினர். இன்று வெவ்வேறு ஊர்களில் வாழும் குடும்பங்கள் அவ்வாறு கூட விரும்பினால், ஆண்டுக்கு ஒரு நாளையும் ஒரே ஒரு பலகாரத்தையும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெரிய விருந்தாகத் திட்டமிட்டால் அது மறு ஆண்டே நின்றுவிடக்கூடும்.

வெள்ளைப் பணியாரம் இதற்கு மிகவும் ஏற்றது. ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்குமளவு உளுந்தைக் குவித்து, சுமார் 2 மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, உப்பும் சிறிது சர்க்கரையும் பாலும் சேர்த்து, புளிக்கவிடாமல் காய்ந்த எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்க வேண்டும். உளுந்தைக் குவிக்கும் வேலையைச் சிறுவர்களிடம் கொடுங்கள். அந்த அளவு கைக்குத்தான் பழக வேண்டும். ஒவ்வொன்றாகச் சுடுவதால், அடுப்பருகே நிற்பவருக்குப் பந்தியில் அமர நேரம் கிடைக்காது. ஆகவே, பாதியில் கரண்டியை மற்றொருவர் (வீட்டு ஆண்களாக இருந்தால் இன்னும் நன்று) வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொட்டுக்கொள்ளும் காரச் சட்டினியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கலாம். வர இயலாத முதியவர்களுக்குச் சூடு ஆறுமுன் தூக்குவாளியில் கொடுத்தனுப்புங்கள்.