மறுபடியும் நீட் எழுதப் போகிறீர்களா? முதலில் பழைய வினாத்தாளை எடுங்கள்

ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு (மறுபடி எழுதுவோருக்கான பயிற்சி வகுப்பு) பணம் கட்டும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த வினாத்தாள், உங்கள் ஓஎம்ஆர் விடைத்தாள் நகல், இறுதி விடைக்குறிப்பு மூன்றையும் பக்கத்தில் வைத்து, தவறான ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் ஓர் எழுத்து போடுங்கள்: தெரியாதது ‘தெ’, தெரிந்தும் சறுக்கியது ‘ச’, குருட்டாம்போக்கில் அடித்தது ‘கு’. நினைவை நம்பாதீர்கள், ரஃப் வொர்க்கைப் பாருங்கள். சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தது அங்கேதான் தெரியும்.

சரியானால் 4, தவறானால் மைனஸ் 1. ஆக ஒரு ‘ச’ 5 மதிப்பெண்ணைத் தின்கிறது. அப்படி 20 இருந்தால் 720-ல் 100 போச்சு. அதை மீட்க முழுப் பாடத்தையும் மறுபடி கேட்க வேண்டியதில்லை, நேரம் வைத்துப் போட்டுப் பழகினால் போதும். ‘கு’வைத் தொடாமல் விட்டிருந்தாலே கேள்விக்கு 1 மிச்சம்.

பழக, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது. தேர்வு நடக்கும் அதே மதியம் 2 முதல் 5 வரை உட்காருங்கள். சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கும் நேரம் அது, உடம்பும் பழக வேண்டும்.

‘தெ’ பாதிக்கு மேல் இருந்தாலோ, நிறைய கேள்விகளைத் தொடாமலே விட்டிருந்தாலோ இது உதவாது. முக்கியமாக இயற்பியலில் அப்படியென்றால், நல்ல ஆசிரியரிடம் அடிப்படையிலிருந்து கேளுங்கள். அந்தப் பணத்தைத் தயங்காமல் செலவழிக்கலாம்.