பதினைந்தாவது அழைப்பை மறுப்பது எப்படி?

தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் இடையே 4 மெகாபிட் இணைப்பு ஒன்று இருக்கிறது என்றும், கோப்புகளும் மின்னஞ்சலும் ஐபி தொலைபேசியும் அதன் வழியாகவே செல்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டுகளான குரல் பாக்கெட்டுகளுக்கு ரவுட்டரில் முன்னுரிமை வரிசை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த முன்னுரிமை, கோப்புகளின் நெருக்கடியிலிருந்து குரலைக் காக்கும். ஆனால் அழைப்புகளே அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அதனால் பயனில்லை. அதற்குத் தேவைப்படுவது அனுமதிக் கட்டுப்பாடு, அதாவது இணைப்பு தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் வரும் அழைப்பைத் தொடக்கத்திலேயே மறுப்பது.

முதலில் ஓர் அழைப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கணக்கிட வேண்டும். குரலை எண்முறைத் தரவாக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர்; ஜி.711 கோடெக்கின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் வீதம் நொடிக்கு 50 பாக்கெட்டுகள் போகின்றன. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், அதன்மேல் ஐபி, யுடிபி, ஆர்டிபி ஹெடர்கள் (பாக்கெட்டின் முகவரித் தகவல்கள்) 40 பைட், ஈதர்நெட்டுக்கு 18 பைட். ஆக 218 பைட், அதாவது ஒரு திசைக்கு 87.2 கிலோபிட். ஐபிசெக் விபிஎன் என்னும் மறைகுறியாக்கிய பாதை வழியே போனால் இது 100 கிலோபிட்டைத் தாண்டிவிடும். ஜி.729 கோடெக்கில் குரல் வெறும் 8 கிலோபிட்தான், ஆனால் இணைப்பில் 31.2 கிலோபிட் போகிறது. கடிதத்தைவிட உறை கனமாக இருக்கும் கதை.

அடுத்து, இரு முனை ரவுட்டர்களிலும் வெளியே செல்லும் வேகத்தை 3.8 மெகாபிட்டுக்குக் கட்டுப்படுத்துங்கள். லினக்ஸ் ரவுட்டர் என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசி கருவியில் உள்ள எச்டிபி முறை போதும். இதைச் செய்யாவிட்டால் வரிசை, சேவை வழங்குநரின் கருவியில் சேரும். அங்கே உங்கள் முன்னுரிமை செல்லாது. அந்த 3.8 மெகாபிட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, அதாவது 1,266 கிலோபிட்டை, டிஎஸ்சிபி 46 (முன்னுரிமையைக் காட்டும் பாக்கெட் குறி) இட்ட குரலுக்கு உச்சவரம்பாக வையுங்கள். அதில் 87.2 கிலோபிட் வீதம் 14 ஜி.711 அழைப்புகள் அடங்கும்.

பதினைந்தாவது நுழைந்தால் தேவை 1,308 கிலோபிட் ஆகிறது. மிஞ்சும் 42 கிலோபிட்டை ரவுட்டர் எறிந்துவிடும். ஆனால் எந்தப் பாக்கெட் கடைசியாக வந்தவருடையது என்று அதற்குத் தெரியாது. ஆகவே சுமார் 3 விழுக்காடு இழப்பு பதினைந்து அழைப்புகளிலும் பரவி, எல்லோருக்கும் குரல் வெட்டுகிறது.

அழைப்புகளின் எண்ணிக்கையை அறிந்த பிபிஎக்ஸில்தான், அதாவது அலுவலகத் தொலைபேசி இணைப்பகத்தில்தான், மறுப்பு நிகழ வேண்டும். ஆஸ்டெரிஸ்க் என்னும் பிபிஎக்ஸ் மென்பொருளில் அழைப்பை முதலில் ஒரு குழுவில் சேர்த்து, பிறகு குழுவின் எண்ணிக்கையைப் பார்த்து, 14-ஐத் தாண்டினால் திருப்பிவிடலாம். எண்ணிவிட்டுச் சேர்த்தால், ஒரே கணத்தில் வரும் இரு அழைப்புகளும் நுழைந்துவிடக்கூடும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் இணைப்பைக் கடக்கும் ஒவ்வோர் அழைப்பையும் எண்ணுங்கள். கிளைக்குள்ளேயே நடக்கும் பேச்சை எண்ண வேண்டாம். மறுத்த அழைப்புக்கு பிஸி ஒலி கொடுப்பதைவிடச் சாதாரணத் தொலைபேசி லைன் வழியாக அனுப்புவதே என் விருப்பம். அவசர அழைப்புகள் எப்போதும் கிளையின் உள்ளூர் லைனிலேயே போக வேண்டும்.

பதினான்கு போதுமா என்பதை, எத்தனை அழைப்புகள் மறுக்கப்படும் என்று கணக்கிடும் எர்லாங் பி வாய்பாடு சொல்லும். ஓர் எர்லாங் என்பது ஒரு தடத்தில் ஒரு மணி நேரம் முழுதும் நடக்கும் பேச்சு. நூற்றுக்கு ஒன்று மறுக்கப்படலாம் என்று ஏற்றுக்கொண்டால், 14 தடங்கள் 7.35 எர்லாங் தாங்கும். நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் 441 நிமிடப் பேச்சு, அல்லது மூன்று நிமிட அழைப்புகள் 147.

கடைசியாக, சோதனைத் தரவை அனுப்பும் ஐபெர்ஃப் கருவி கொண்டு இணைப்பை நிரப்பிவிட்டு 14 அழைப்புகளைத் தொடங்குங்கள். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும்; பதினைந்தாவது உடனே மறுக்கப்பட வேண்டும். குரல் வரிசையில் எறியப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து நகர்ந்தால், ஏதோ ஓர் அழைப்பு பிபிஎக்ஸைத் தொடாமல் நேரே போகிறது. முதலில் மடிக்கணினிகளில் உள்ள சாஃப்ட்போன்களை (தொலைபேசி போல இயங்கும் மென்பொருள்களை) தேடுங்கள்.