கடைத்தெரு இனாமலில் ஒரு பீட்டில்: மாதிரிக் காருக்கு ஏர்பிரஷ் கொண்டு வண்ணம் அடிக்கும் முறை

பெயிண்ட் கடையில் 50 மில்லி, 100 மில்லி டின்களில் கிடைக்கும் சாதாரண இனாமல், ஜன்னல் கம்பிக்கும் வாசற்கதவுக்கும் அடிப்பதற்கென்று தயாரிக்கப்படுவது. கையகலமே உள்ள ஒரு பிளாஸ்டிக் காரின் மேல் அதே பெயிண்ட்டைக் கண்ணாடிபோல் பளபளக்க வைக்க முடியுமா என்று புதிதாக மாதிரி கட்டத் தொடங்கியவர்கள் கேட்பதுண்டு. முடியும், ஆனால் அந்தப் பெயிண்ட் காய்வதற்குக் கேட்கும் நாட்களை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும்.

இனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் அதிலுள்ள தின்னர், அதாவது பெயிண்ட்டை நீர்க்க வைக்கும் கரைப்பான், ஆவியாகிப் போகும். சில மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலை வந்துவிடும். அதன் பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது: பெயிண்ட்டில் உள்ள ஆல்கைடு பிசின் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. மேல்தோல் காய்ந்து உள்ளே இன்னும் மென்மையாக இருக்கும் இந்த இடைப்பட்ட நாட்களில்தான் கைரேகை பதிவதும், அடுத்த கோட் பட்டவுடன் மேற்பரப்பு சுருங்கிப் போவதும் நடக்கின்றன. கீழே சொல்லப்போகும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்து அமைந்தவையே.

எடுத்துக்காட்டாக டாமியா நிறுவனத்தின் 1/24 அளவு ஃபோக்ஸ்வேகன் 1300 பீட்டிலை, 1966ஆம் ஆண்டு மாடலை, எடுத்துக்கொள்வோம். அசல் கார் சுமார் 4.07 மீட்டர் நீளம். மாதிரி 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தொடக்கக்காரருக்கு இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து பீட்டிலுக்கு வெளிர் நீலம், சிவப்பு போன்ற ஒற்றை வண்ணங்களே அழகாகப் பொருந்துகின்றன. மினுமினுக்கும் மெட்டாலிக் பெயிண்ட்டின் சிக்கல் இல்லை. உடலும் உருண்டு திரண்டது. பாலிஷ் செய்யும்போது பெயிண்ட் முதலில் தேய்ந்து போகும் கூரான விளிம்புகள் அதில் குறைவு.

மாதிரிக் காருக்குப் பெயிண்ட்டை எதற்காக மிக மெல்லியதாக அடிக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். மாதிரியின் மேல் 0.05 மில்லிமீட்டர் தடிமனில் பெயிண்ட் படிந்தால், 24 மடங்கு பெருக்கிப் பார்க்கையில் அது அசல் காரில் 1.2 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சமம். அப்படி ஒரு கார் சாலையில் ஓடினால் கதவு எங்கே முடிகிறது, பானெட் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தூரிகையால் அடித்த மாதிரிக் கார் பொம்மைபோல் தோன்றுவதற்கு முதன்மையான காரணம் இந்தத் தடிமனே.

தேவையானவை

0.3 மில்லிமீட்டர் நாசில் கொண்ட, மேலே கோப்பை உள்ள, இரட்டைச் செயல் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்ட்டைத் தூறலாகப் பீய்ச்சும் கைக்கருவி) போதும். டிரிகரை அழுத்தினால் காற்றும், பின்னால் இழுத்தால் பெயிண்ட்டும் வருவதையே இரட்டைச் செயல் என்கிறோம். கம்ப்ரசரில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரும், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைக்கும் குடுவையும் கட்டாயம் இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் அந்தக் குடுவை இல்லாமல் அடித்தால், நடுவில் ஒரு துளி நீர் தெறித்து அத்தனை உழைப்பையும் கெடுத்துவிடும். இவற்றோடு இனாமல் டின், மினரல் டர்பன்டைன், என்.சி. தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான தின்னர்), பிரைமர், 600 முதல் 3000 வரையிலான வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக் கூட நயமானது), மாஸ்கிங் டேப், மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகள், ஒரு கட்டு பிளாஸ்டிக் கரண்டி ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தின்னரை டீக்கடை பிளாஸ்டிக் கப்பில் ஊற்ற வேண்டாம். நான் ஒருமுறை ஊற்றிவிட்டுக் கரண்டி தேடித் திரும்புவதற்குள் கப்பின் அடி கரைந்து மேசை முழுவதும் நீலமாகியிருந்தது.

துணியாலான முகமூடியோ என்95 முகமூடியோ பெயிண்ட் துகளை ஓரளவு தடுக்குமே தவிர, தின்னரின் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவியை உறிஞ்சும் கரித்தூள் வடிகட்டி பொருத்திய முகமூடியை அணிந்து, ஜன்னலைத் திறந்து வைத்து அடியுங்கள். அந்த அறையில் அடுப்போ, பூஜை விளக்கோ, கொசுவத்திச் சுருளோ எரியக் கூடாது. இனாமல் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். எண்ணெய் கலந்த பிசின் ஆக்ஸிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும், குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தீயாகவும் மாறலாம்.

முதற்படி: உடலைத் தயார் செய்தல்

அச்சிலிருந்து வந்த பிளாஸ்டிக் உடலில் மெல்லிய அச்சுக்கோடுகள் ஓடும். கூரைத் தூண்களிலும் சக்கர வளைவுகளின் மேலும் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் அவை தட்டுப்படும். அவற்றை 600 வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து எடுத்து, பிறகு 1000ஆல் சமப்படுத்துங்கள். கதவுக் கோடுகளின் மேல் கூரான கத்தியின் பின்முனையைக் கொண்டு இரண்டு மூன்று முறை மெதுவாகக் கீறி அவற்றை ஆழப்படுத்த வேண்டும். பிரைமரும் மூன்று கோட் இனாமலும் சேர்ந்தால் ஆழமற்ற கோடுகள் நிரம்பிப் போகும். கடைசியாகப் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு உடலைக் கழுவிக் காய வைத்து, அதன் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் போன்ற வட்டங்கள் தோன்றும்.

உடலைப் பிடித்துக்கொள்ள ஒரு தண்ணீர் பாட்டிலின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வருமாறு சுருட்டி, காரின் உட்பக்கக் கூரையை அதில் அழுத்தி நிறுத்துங்கள். பாட்டிலில் பாதியளவு தண்ணீர் இருந்தால் கவிழாது.

இரண்டாம் படி: பிரைமர்

வண்டி பெயிண்ட் கடையில் விற்கும் ஸ்பிரே பிரைமர்களில் பல லாக்கர் வகை, அதாவது வீரியமான தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும் வகை. ஒரே நேரத்தில் ஈரமாக அடித்தால் பிளாஸ்டிக்கை அரித்து, மேற்பரப்பில் சிலந்திவலை போன்ற வெடிப்பை உண்டாக்கும். முதலில் கிட் பாகங்களைத் தாங்கியிருந்த வெற்றுச் சட்டத்தின் மேல் அடித்துச் சோதித்துவிட்டு, உடலின் மேல் தூறல்போல் மூன்று மெல்லிய கோட் அடியுங்கள். வெளிர் நீலம், மஞ்சள், சிவப்பு ஆகியவற்றுக்கு வெள்ளை பிரைமரும், அடர் வண்ணங்களுக்குச் சாம்பல் பிரைமரும் பொருந்தும். ஒரு நாள் காய்ந்தபின் 1500 வாட்டர் பேப்பரை நனைத்து மெதுவாகத் தேய்த்தால், முன்பு கண்ணுக்குத் தப்பிய கீறல்கள் எல்லாம் வெளிப்படும்.

லாக்கரின் மேல் இனாமல் அடிக்கலாம். இனாமலின் மேல், அதுவும் முழுதாக இறுகாத இனாமலின் மேல், லாக்கர் அடிக்கக் கூடாது. வீரியமான தின்னர் கீழுள்ள பெயிண்ட்டை ஊற வைத்துச் சுருட்டிவிடும். பளபளப்பைக் கூட்ட மேலே ஒரு கிளியர் லாக்கர் அடிக்கலாமே என்று தோன்றும்; பளபளப்பு இனாமலுக்கு அது தேவையே இல்லை.

மூன்றாம் படி: பெயிண்ட்டைக் கரைத்தல்

டின்னைக் குலுக்காதீர்கள். திறந்ததும் மேலே ஆடை படிந்திருந்தால் கத்தியால் சுற்றி வெட்டி முழுதாக எடுத்துவிட்டு, அடியில் தங்கிய நிறமி முழுவதும் மேலே வரும்வரை கம்பியால் கிளறுங்கள். பிறகு பழைய நைலான் காலுறைத் துண்டை வாயில் கட்டிய குப்பிக்குள் வடிகட்டுங்கள். வெள்ளையில் நீலத்தைக் கலந்து வெளிர் நீலம் செய்வதானால், முழுக் காருக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்துவிட வேண்டும். நடுவில் தீர்ந்துபோனால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. ஆல்கைடு வெள்ளை காலப்போக்கில், குறிப்பாக இருட்டில் வைத்தால், லேசாக மஞ்சளிக்கும் என்பதால் தூய வெள்ளைக் காருக்கு இந்தப் பெயிண்ட்டை நான் பயன்படுத்துவதில்லை.

எதில் கரைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. டர்பன்டைன் எந்த இனாமலோடும் சண்டையின்றிக் கலக்கும். மெதுவாகக் காய்வதால் பெயிண்ட் நன்றாகப் பரவிச் சமமாகும், ஆனால் கொஞ்சம் அதிகமானாலும் வழியும், தூசியும் நீண்ட நேரம் ஒட்டும். என்.சி. தின்னர் விரைவாக ஆவியாகும். வழிவது குறையும், தொடும் பதமும் சீக்கிரம் வரும். ஆனால் எல்லா இனாமலும் அதை ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு குப்பியில் 5 மில்லி பெயிண்ட்டும் 5 மில்லி என்.சி. தின்னரும் கலந்து கால் மணி நேரம் வையுங்கள். குப்பியைச் சாய்த்தால் கண்ணாடிச் சுவரில் வழவழப்பாக வழிந்தால் பயன்படுத்தலாம். திரிந்த பால்போல் துகள் துகளாகத் தெரிந்தால் டர்பன்டைனுக்கே திரும்புங்கள். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், என்.சி. தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடுவதுண்டு. அப்போதும் டர்பன்டைனே நல்லது.

விகிதத்தைப் பொறுத்தவரை, சரிபாதியில் தொடங்குங்கள். கம்பியை நனைத்து எடுத்தால் பால் வழிவதுபோல் வழிந்து, குப்பியின் சுவரில் மெல்லிய சாயலை விட்டுச் செல்ல வேண்டும். கடை இனாமல் தடிப்பானது என்பதால், ஒரு பங்கு பெயிண்ட்டுக்கு ஒன்றரைப் பங்கு தின்னர்வரை போக நேரலாம். இறுதி முடிவைச் சொல்ல வேண்டியது பிளாஸ்டிக் கரண்டி. அதன் முதுகில் காரைப் போலவே வளைவு இருக்கிறது. பிரைமர் அடித்த நாலைந்து கரண்டிகளில் பழகிப் பார்க்காமல் காரைத் தொட வேண்டாம்.

நான்காம் படி: அடித்தல்

கம்ப்ரசரின் காற்றழுத்தத்தை 15 முதல் 20 பிஎஸ்ஐக்குள் (ரெகுலேட்டர் காட்டும் அழுத்த அளவு) வையுங்கள். கோடை மதியத்தில் துளிகள் பாதி வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும் என்பதால், காலை நேரம் ஏற்றது. தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவைத்தால் தூசி எழாது.

முதல் கோட் மூடுபனி மாதிரி இருக்க வேண்டும். அடியில் உள்ள பிரைமர் தெளிவாகத் தெரிய வேண்டும். அடுத்த கோட்டுகள் பற்றிக்கொள்வதற்கான பிடிமானம் மட்டுமே அது. என்.சி. தின்னரானால் கால் மணி நேரமும், டர்பன்டைனானால் அரை மணி நேரமும் விட்டு இரண்டாம் கோட்டை அடியுங்கள். எப்போதும் சக்கர வளைவு, ஜன்னல் விளிம்பு, பம்பருக்குக் கீழே உள்ள குழிவு போன்ற எட்டாத இடங்களை முதலில் முடித்துவிட்டு, பிறகு கூரை, பானெட், பக்கங்கள் என்று வாருங்கள். ஏர்பிரஷ் முனை உடலிலிருந்து 7 முதல் 10 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கட்டும். காருக்கு வெளியே காற்றைத் திறந்து, கையை நகர்த்தத் தொடங்கிய பிறகு டிரிகரைப் பின்னால் இழுத்து, காரின் மறுமுனையைத் தாண்டிய பிறகே விட வேண்டும். காரின் மேலேயே தொடங்கி காரின் மேலேயே நிறுத்துவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடிச் செல்லட்டும். மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையோடு சேர்த்து நகர்த்தினால் தொலைவு மாறாது.

மூன்றாம் கோட்தான் பளபளப்பைத் தருவது. இதில் மட்டும் கையின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, பெயிண்ட் ஈரமாகப் படிந்து ஒன்றோடொன்று கலந்து கண்ணாடிபோல் ஆவதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும். ஈரப் பளபளப்புத் தெரிந்தவுடன் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். இன்னும் ஒரே ஒரு வீச்சு என்ற ஆசையால்தான் பெயிண்ட் வழிகிறது. வழிந்துவிட்டால் துடைக்காதீர்கள். அப்படியே காய விட்டு, இறுகிய பின் தேய்த்துச் சமப்படுத்தலாம். தூசியோ முடியோ விழுந்தாலும் இதே நடைமுறைதான்.

மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் புள்ளிபுள்ளியாக வந்தால், பெயிண்ட் தடிப்பாக இருக்கிறது, அல்லது தொலைவு அதிகம், அல்லது அழுத்தம் மிகுதி என்று பொருள். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றாமல், ஒவ்வொன்றாகக் கரண்டியில் மாற்றிப் பாருங்கள். காரோடு கூடவே ஒரு கரண்டிக்கும் எல்லாக் கோட்டுகளையும் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் பயன் பின்னால் தெரியும்.

அடித்து முடித்த கையோடு கோப்பையைத் துடைத்து, தின்னர் ஊற்றிப் பீய்ச்சி, ஊசியை வெளியே எடுத்து நுனியைத் துடைக்க வேண்டும். இனாமல் நாசிலுக்குள் இறுகிவிட்டால் தின்னருக்குக்கூடச் சுலபத்தில் மசியாது.

ஐந்தாம் படி: காத்திருத்தல்

ஒரு அட்டைப் பெட்டியைக் காரின் மேல் கவிழ்த்து, ஒரு ஓரத்தில் தீப்பெட்டியை முட்டுக் கொடுங்கள். தூசி விழக் கூடாது, ஆனால் காற்று போய்வர வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஆக்ஸிஜன் கிடைக்காமல் இனாமல் இறுகுவது தாமதமாகும். விரைவாகக் காயட்டும் என்று சித்திரை வெயிலிலோ, வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளோ வைக்காதீர்கள். மெல்லிய கூரைத் தூண்கள் வளைந்துபோனால் அடிச்சட்டத்தோடு பொருந்தாது.

ஒரு வாரம் கழித்து உடலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை சிறிதேனும் வந்தால் இன்னும் காயவில்லை. வாசனை அறவே நின்ற பிறகு, உடன் அடித்து வைத்த கரண்டியை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் மேலும் சில நாள் பொறுக்க வேண்டும். சோதனையைக் காரில் செய்யாமல் கரண்டியில் செய்வதற்காகத்தான் அதை அடித்தோம்.

ஆறாம் படி: பாலிஷ்

நன்றாக அமைந்த உடலுக்கு இந்தப் படி தேவைப்படாமலும் போகலாம். வழிந்த இடம், தூசி, ஆரஞ்சுத் தோல் ஆகியவை இருந்தால் மட்டும், ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் 2000 வாட்டர் பேப்பரை ஊற வைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிறகு 3000ஆல் கீறலைக் குறையுங்கள். பீட்டிலின் பானெட் விளிம்பு, கதவுக் கோட்டின் ஓரம் ஆகிய இடங்களை மாஸ்கிங் டேப்பால் மூடிக்கொள்வது நல்லது. மங்கிய பரப்பின் மேல், இரு சக்கர வண்டிகளுக்குப் பயன்படும் ரப்பிங் காம்பவுண்டைப் பருத்தித் துணியில் கடுகளவு எடுத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். துணியில் பெயிண்ட் நிறம் லேசாக ஏறுவது இயல்பு; வெள்ளை பிரைமர் எட்டிப் பார்த்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மிஞ்சிய கலவையைக் குப்பியின் வாய்வரை நிரம்பும் அளவுக்குச் சிறிய குப்பிக்கு மாற்றி இறுக மூடி வையுங்கள். அடுத்து ஜன்னல் கண்ணாடியையும் குரோம் பட்டைகளையும் பொருத்தும்போது எங்கேனும் ஒரு மூலை உரியும்; அதைத் தொட்டுச் சரிசெய்ய, தூரிகையின் நுனியளவு அதே நீலம் கைவசம் இருக்க வேண்டும்.