கியூபா சார்ட் போடும் பிள்ளைகளுக்கு

சேலத்தில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. ஸ்பானிய மொழி பேசும் தீவு நாடு ஒன்றைப் பற்றி சார்ட் போடச் சொன்னால், பிள்ளைகள் எண்களை வரிசையாக எழுதி, ஸ்கெட்ச்சில் கட்டம் கட்டிக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதில்லை. எண்ணைப் புரிந்துகொண்டு எழுதும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் நாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். போர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானிய மொழி பேசுகிறார்கள், ஆனால் அது அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி, தனி நாடு இல்லை. டொமினிக்கன் குடியரசு ஒரே தீவை ஹெய்ட்டியோடு பகிர்ந்துகொள்கிறது. கியூபா தனக்கென்று தீவுள்ள நாடு என்பதால் வரைபடம் வரைவது எளிது. கியூபாக்காரர்களே அதை முதலை வடிவம் என்பார்கள். தெற்கே இருக்கும் இளைஞர் தீவை மறக்காமல் வரையுங்கள். பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, எந்த எண் எழுதினாலும் பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஓர் எண்ணை வையுங்கள். கியூபாவின் பரப்பு சுமார் 1,10,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாடு சுமார் 1,30,000. கிட்டத்தட்ட நம் மாநிலம் அளவுதான். ஆனால் நீளம் சுமார் 1,250 கிலோமீட்டர். சேலத்துக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். அகலம் மிகக் குறைந்த இடத்தில் 31 கிலோமீட்டர்தான், சேலத்திலிருந்து ஏற்காடு போகும் தூரம்!

மக்கள்தொகையில்தான் கவனம் வேண்டும். 2012 கணக்கெடுப்பில் சுமார் 1 கோடியே 11 லட்சம். 2023 முடிவில் அது ஏறக்குறைய 1 கோடியாக இறங்கிவிட்டது. பிறப்பு குறைவு, அதோடு பொருளாதார நெருக்கடியால் லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். எண்ணோடு ஆண்டையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். ஆண்டு இல்லாவிட்டால் இந்த இறக்கமே கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் நெருக்கத்தைப் பாருங்கள். 2011-இல் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 34.8 லட்சம். அதாவது நம்மைப் போல மூன்று மாவட்டத்து மக்கள் ஒரு தமிழ்நாடு அளவு நிலத்தில் வாழ்கிறார்கள். அங்கே சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 90 பேர், சேலத்தில் 660-க்கும் மேல். பெருக்கி வகுத்து இதை நீங்களே கண்டுபிடியுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் சார்ட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

தலைநகர் ஹவானா, பணம் பெசோ, மிக உயர்ந்த சிகரம் பிக்கோ டுர்கினோ, 1,974 மீட்டர். பக்கத்தில் ஏற்காடு, சுமார் 1,500 மீட்டர் என்று எழுதினால் போதும்.

வரலாற்றுக்கு ஒரு காலக்கோடு போடுங்கள். 1492 கொலம்பஸ் வருகை, 1898 ஸ்பெயின் ஆட்சியின் முடிவு, 1902 விடுதலை, 1959 புரட்சி, 1962 அமெரிக்காவின் முழு வர்த்தகத் தடை. இதில் 1961-க்கும் இடம் விடுங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு அது. பள்ளிகளை முன்கூட்டியே மூடிவிட்டு, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க இளைஞர்கள் சுமார் 1 லட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். விவசாயிகள் வீட்டிலேயே தங்கி, பகலில் வயல் வேலை, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் எழுத்து. ஓர் ஆண்டுக்குள் சுமார் 7 லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். எழுத்தறிவு சதவீதத்தை மட்டும் எழுதினால் இந்தக் கதை தெரியாது, அதனால் எண்ணுக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்.

பயிர் என்றால் எல்லோரும் கரும்பு, புகையிலை எழுதுவார்கள். சரிதான், ஆனால் ஏற்காட்டுப் பிள்ளைகள் காப்பியையும் சேர்க்கலாம். இன்றைய ஹெய்ட்டியில் 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது அங்கிருந்து தப்பிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் கியூபாவின் கிழக்கு மலைகளில் காப்பித் தோட்டம் போட்டார்கள். அங்கும் வேலை செய்தது அடிமைகள்தான், அதையும் எழுதுங்கள். அந்தத் தோட்டங்களின் எச்சங்களை யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. ஏற்காட்டில் காப்பி 1820-களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது. காலக்கோட்டில் இரண்டையும் மேலும் கீழுமாக வரையுங்கள், மேலே கியூபா, கீழே சேர்வராயன் மலை.