25 மெகாபைட்டுக்குள் காணொளியை அடக்க

25 மெகாபைட் வரம்புள்ள போட்டிக்குக் காணொளி அனுப்புகிறீர்களா? முதலில் வெட்டுங்கள், பிறகு சுருக்குங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள வெற்று நொடிகளைக் கைபேசியிலேயே நீக்கிவிடலாம். சுருக்குவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கணினி மென்பொருள் போதும்; அதில் எச்.264 என்ற சுருக்க முறையையும் 720பி என்ற பட அளவையும் தேர்ந்தெடுங்கள்.

கோப்பின் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட்தான், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் பிட்டுகளின் எண்ணிக்கை. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எனவே 25 மெகாபைட் என்பது 200 மெகாபிட். இரண்டு நிமிடக் காணொளி என்றால் அதை 120 நொடிகளால் வகுங்கள்: நொடிக்கு ஏறத்தாழ 1.67 மெகாபிட். ஒலிக்கு 128 கிலோபிட் ஒதுக்கி, படத்துக்கு 1400 கிலோபிட் கொடுங்கள். திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் அருகே முக்காலியில் கேமராவைப் பொருத்தி எடுத்த பேட்டிக்கு இது தாராளம். அதே ஊரின் கோணேசர் கோயில் மலையிலிருந்து எடுத்த கடல் அலைகளோ கட்டம் கட்டமாகச் சிதையும். பிரேமுக்குப் பிரேம், அதாவது ஒவ்வொரு படச் சட்டத்திலும், நீர் மாறுவதால் பிட்டுகள் போதாது. வெட்டுவதானால் அந்த அலைக் காட்சியையே வெட்டுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.